முதல் தலைமுறைப் பொறியியல் மாணவர் முதலாண்டை அரியர் இல்லாமல் கடப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, கலந்தாய்வில் கேட்ட பாடப்பிரிவும் கிடைத்துப் பொறியியல் கல்லூரிக்குள் வரும் மாணவர்களில் கணிசமானோர் முதல் பருவத் தேர்வு முடிவு வெளியானதும் தடுமாறிப் போகிறார்கள். பையன் கல்லூரிக்குப் போனதும் கெட்டுவிட்டான் என்று வீட்டில் சொல்கிறார்கள். இவனுக்கு அடிப்படையே இல்லை என்று கல்லூரியில் சொல்கிறார்கள். வகுப்பு ஆலோசகராக இருந்து இப்படிப்பட்ட மாணவர்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவத்தில் சொல்வதானால், இரண்டுமே பெரும்பாலும் தவறான கணிப்புகள். தோற்றவரையும் தேறியவரையும் பிரிப்பது அறிவுக்கூர்மை அன்று. கல்லூரி எந்த விதிகளின்படி இயங்குகிறது என்பதைத் தேறியவர் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துகொண்டிருப்பார். மற்றவருக்கு அதைச் சொல்ல வீட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அரியர் என்பதை ஒரு பாடத்தில் ஏற்பட்ட தோல்வியாக மட்டும் பார்க்கக் கூடாது. அது வட்டிக் கடனைப் போன்றது: முதல் பருவத்தில் விட்ட கணிதத் தாளை இரண்டாம் பருவத்துத் தாள்களோடு சேர்த்து எழுதும்போது, அந்தப் பருவத்துக்கு உரிய நேரத்தை அது தின்றுவிடுகிறது, அதனால் அங்கே இன்னொரு தாள் நழுவுகிறது. நான்காம் ஆண்டில் வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் நிலுவைத் தாள் இல்லாதவர்களையே அனுமதிக்கும்போதுதான் அந்தக் கடனின் முழு அளவு வீட்டுக்குத் தெரிய வருகிறது. ஆகவே முதலாண்டை, அதிலும் முதல் பருவத்தை, நிலுவையின்றி முடிப்பதே இந்த வழிகாட்டியின் இலக்கு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் சேர்வோரை, குறிப்பாக அரசுப் பள்ளியிலிருந்து தமிழ் வழியில் படித்து வருவோரை, மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: வகுப்பு தொடங்கும் முன் பிளஸ் ஒன் கணிதத்தை மீட்டெடுத்தல்

பொதுத்தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்க ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. இந்த இடைவெளியைப் பெரும்பாலான வீடுகளில் ஓய்வு என்றோ, நாலு காசு சம்பாதிக்கும் காலம் என்றோ எண்ணுகிறார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரமாவது பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்துக்கு ஒதுக்க வேண்டும்.

பிளஸ் டூவை விட்டுவிட்டு பிளஸ் ஒன்னைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்தின் கணிதத் தாள் அணிகளையும் நுண்கணிதத்தையும் கொண்டது. அணிகளும் அணிக்கோவைகளும், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடலின் அறிமுகம் ஆகிய எல்லாமே பிளஸ் ஒன் பாடங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் குறிவைத்துப் பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டுக் கடந்துபோவது நெடுநாள் வழக்கம்; அதைத் தடுப்பதற்காகத்தான் 2017-18ஆம் கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. மாணவரின் சுமை குறைந்தது நல்லதே. ஆனாலும் பழைய வழக்கம் திரும்பிவிடும் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. இனி வரும் மாணவர்களுக்கு இந்தப் படி முன்பைவிட அவசியமாகலாம்.

செய்ய வேண்டிய முறை எளிது. ஒவ்வொரு பயிற்சியிலும் எல்லாக் கணக்கையும் போடத் தேவையில்லை. எடுத்துக்காட்டுக் கணக்கை விடையை மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். தடைப்படும் இடத்தில் மட்டும் திறந்து பாருங்கள். முக்கோணவியல் சூத்திரங்களும் அடிப்படை வகையீடுகளும் யோசிக்காமல் கைக்கு வரும் அளவுக்குப் பழகியிருந்தால், கல்லூரிப் பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு வரிகளைத் தாண்டிப் போகும்போதும் உங்களால் பின்தொடர முடியும்.

இரண்டாம் படி: பணத்துக்கான காகிதங்களை முடித்து வைத்தல்

படிப்பில் ஆர்வம் குறைந்ததாகத் தோன்றும் பல மாணவர்களை விசாரித்தால், கட்டணம் கட்டாத கூச்சத்தில் வகுப்பைத் தவிர்ப்பது தெரிய வரும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும். உதவித்தொகை தடைப்படுவதற்கு இந்த இணைப்பு இல்லாததே அடிக்கடி காரணமாகிறது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் படிப்பிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதன்கீழ்ச் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். எந்த உதவித்தொகையும் கேட்ட மாதத்தில் வந்துவிடாது என்பதால், முதல் பருவத்தின் புத்தகம், பயணம், ஆய்வகக் கோட் போன்றவற்றுக்கான தொகையைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒழுங்குமுறையைப் படித்து, மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளுதல்

ஒவ்வொரு மாணவரும் எந்த ஆண்டின் ஒழுங்குமுறையின் (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய ‘ரெகுலேஷன்’) கீழ்ச் சேர்ந்திருக்கிறார் என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதிகள் உண்டு. பல்கலைக்கழகமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிகளை மாற்றுகிறது. இங்கே அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கணக்கிடும் முறை தெரிந்துவிட்டால் எண்களை உங்கள் விதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கோட்பாட்டுத் தாளுக்கு அகமதிப்பீடு (கல்லூரிக்குள்ளேயே போடும் ‘இன்டர்னல்’ மதிப்பெண்) 40, பருவத் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அதோடு பருவத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு எடுக்க வேண்டும். பருவத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60 ஆகச் சுருக்கப்படுகிறது. அகமதிப்பீட்டில் 12 வாங்கியவர் தேறுவதற்கு இன்னும் 38 வேண்டும். அதாவது நூற்றுக்கு 64 எழுத வேண்டும். 18 வாங்கியவருக்கு 54 போதும். 23 அல்லது அதற்கு மேல் வாங்கியவருக்கு 45 போதும். ஒரே தாளை ஒரே தரத்தில் எழுதிய இருவரில் ஒருவர் தேற, மற்றவர் தோற்பது இப்படித்தான். தொடக்கத்தில் ‘இன்டர்னல்தானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுகிற மாணவர், பின்னால் பத்தொன்பது மதிப்பெண் அதிகமாக எழுத வேண்டிய நிலைக்குத் தன்னைத் தள்ளிக்கொள்கிறார். அரியர் எழுதும்போதும் பழைய அகமதிப்பீடு பெரும்பாலும் அப்படியே தொடரும் என்பதால், அந்தக் குறை ஒரு பருவத்தோடு போவதில்லை.

அகமதிப்பீட்டில் எழுத்துத் தேர்வோடு ஒப்படைப்பு (அசைன்மென்ட்), கருத்தரங்கு, சிறு செய்முறைத் திட்டம் போன்றவற்றுக்கும் பங்கு உண்டு. இவை முயன்றால் யாரும் வாங்கக்கூடிய மதிப்பெண்கள். ஒப்படைப்பைக் குறித்த நாளில் தருவதை ஒரு விரதம் போலக் கடைப்பிடிக்கலாம்.

வருகைப் பதிவிலும் இதே கவனம் தேவை. 75 விழுக்காடு கட்டாயம். 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவருக்கு மருத்துவம் போன்ற காரணங்களுக்காகச் சான்றோடு விலக்கு கிடைக்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்தப் பருவத்தையே அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். மஞ்சள் காமாலை, டெங்கு என்று படுக்க நேர்ந்தால் 25 விழுக்காட்டு இடைவெளி உடனே கரைந்துவிடும். திருவிழாவுக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் அதைச் செலவழித்துவிட்டவர்தான் பருவத்தின் கடைசியில் மருத்துவச் சான்றுக்காக அலைகிறார்.

நான்காம் படி: மொழி மாற்றத்தைத் திட்டமிட்டுக் கடந்து செல்லுதல்

தமிழ் வழி மாணவர் பலர் தமக்குப் பாடம் புரியவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதிப் பாடம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வேறு பெயரில் தெரியும். பேராசிரியர் ‘டிஃபரன்ஸியேஷன்’ என்னும்போது அது தாம் நூறு முறை செய்த வகையிடல்தான் என்பதையும், ‘டிடர்மினன்ட்’ என்பது அணிக்கோவை என்பதையும் மூளை இணைத்துப் பார்ப்பதற்குள் அடுத்த வரி போய்விடுகிறது. இந்தத் தாமதம் முதல் ஐந்தாறு வாரங்களில் மிகக் கடுமையாக இருக்கும். பின்வரிசையை நோக்கி மாணவர் நகர்வதும் இந்த வாரங்களில்தான்.

இதற்கு ஒரு நல்ல கருவி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அத்தியாயமும் எடுத்துக்காட்டு எண்ணும் இரண்டிலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் இரு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழில் தெரிந்த ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரிவதால் அகராதியே தேவைப்படாது. புதிய சொல்லை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பாடத்துக்கு நூறு சொல் ஆனதும் வகுப்பு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கும்.

எழுத்தில் சிக்கல் வேறு. தேர்வில் முழு வாக்கியத்தில் ஆங்கிலம் எழுத வராது என்ற அச்சத்தில் மாணவர்கள் வழிகாட்டி நூலின் பத்திகளை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மிச்சமும் போய்விடுகிறது. அதற்கு மாறாக, இயற்பியல் தாளில் 13 மதிப்பெண் விடையை இப்படிக் கட்டமைத்துப் பழகலாம்: முதலில் வரையறை ஒரு வரி, அடுத்துப் பெயர் குறித்த படம், பிறகு சமன்பாட்டை வருவிக்கும் படிநிலைகள், ஒவ்வொன்றுக்கும் அரை வரி விளக்கம், கடைசியில் பயன்பாடுகள் இரண்டு, மூன்று. இந்த வடிவில் நீண்ட வாக்கியமே தேவைப்படாது. இலக்கணம் கொஞ்சம் சறுக்கினாலும் படமும் சமன்பாடும் மதிப்பெண்ணைக் காப்பாற்றும். வகுப்பில் கேள்வியைத் தமிழில் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் தமிழில் விளக்கத் தயாராகவே இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: படிக்கும் முறையை மாற்றுதல்

பள்ளியில் ஆசிரியர் அதே பாடத்தை ஆறேழு முறை திருப்புவார். திருப்புதல் தேர்வு வைப்பார். கல்லூரியில் அந்தத் திருப்புதல் இல்லை. அதை மாணவரே தமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பலர் இதைத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று புரிந்துகொள்கிறார்கள், அது போதாது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்த பகுதியே அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழானது: எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காடும், வாசித்த பகுதியில் 42 விழுக்காடும் நினைவில் இருந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு ‘எல்லாம் தெரிகிறது’ என்ற உணர்வைத் தந்துவிட்டு அரங்கில் கைவிடுவது இந்த வெறும் வாசிப்புதான்.

ஆகவே அன்றன்று நடந்த பாடத்தை அன்று இரவே, புத்தகத்தை மூடி, ஒரு தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். இருபது நிமிடம் போதும். அதே பகுதியை வாரக் கடைசியில் ஒருமுறை, அகமதிப்பீட்டுக்கு முன் ஒருமுறை எழுதினால் போதுமான பிடிப்பு வந்துவிடும்.

அடுத்து, வினாத்தாளின் அமைப்பு. பாடத்திட்டம் ஐந்து யூனிட். பெரும்பாலான தாள்களில் இரண்டு மதிப்பெண் வினா பத்து. 13 மதிப்பெண் வினா ஐந்து, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்று தெரிவு உண்டு. 15 மதிப்பெண் வினா ஒன்று. ‘மூணு யூனிட் போதும், பாஸ் ஆயிடலாம்’ என்று சீனியர்கள் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூனிட்டுக்கு இரண்டு சிறு வினா என்றால் மூன்று யூனிட்டில் 12, பெரு வினா 39, மொத்தம் 51. எழுதியதற்கெல்லாம் முழு மதிப்பெண் யாருக்கும் விழுவதில்லை. எழுபது விழுக்காடு விழுந்தால் கிடைப்பது 36க்கும் குறைவு. நான்கு யூனிட் படித்தவருக்கு 68இல் எழுபது விழுக்காடு என்றால் ஏறக்குறைய 48. கரை சேர்ந்துவிடுவார், அதுவும் அகமதிப்பீடு நன்றாக இருந்தால் மட்டும். ஐந்தாம் யூனிட்டின் சிறு வினாக்களையும் சேர்த்துப் படித்தவரே நிம்மதியாகத் தூங்கலாம்.

சில தாள்களுக்கு இந்தப் பொதுமுறை பொருந்தாது. பைத்தான் நிரலைத் தாளில் மனப்பாடமாக எழுதுவோர் வினாவில் ஓர் எண் மாறினாலும் திணறுகிறார்கள். மடிக்கணினி இல்லாவிட்டால் கல்லூரி ஆய்வக நேரத்திலோ, கைப்பேசி உலாவியில் பைத்தானை இயக்க உதவும் கூகுள் கோலாப் தளத்தைத் திறந்தோ, ஒவ்வொரு நிரலையும் இயக்கிப் பார்க்க வேண்டும். பொறியியல் வரைபடத் தாளைப் படித்துத் தேற இயலாது. வரைந்து வரைந்துதான் தேற வேண்டும். டிராஃப்டரை (வரைபலகையில் கோடு போடும் கருவி) பிடித்து வாரத்துக்கு நான்கைந்து கணக்கு வரையாதவர், தேர்வில் நேரம் போதாமல் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருவார்.

ஆறாம் படி: நேரம் எங்கே போகிறது என்று பார்த்தல்

காலை ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடித்து மாலை ஏழுக்கு வீடு திரும்பும் மாணவருக்கு நாளில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். பேருந்தில் புத்தகம் திறக்க முடியாவிட்டாலும் இரு மதிப்பெண் வினாக்களைக் கேள்வியும் பதிலுமாக நண்பரோடு சொல்லிப் பார்க்கலாம். விடுதி மாணவருக்கு நேரம் மிச்சம். ஆனால் அறையில் நாலு பேர், கையில் கைப்பேசி. இரவு படிப்பு நேரத்துக்கு மட்டும் கைப்பேசியை வேறு அறையில் வைப்பது, எத்தனை செயலிகளை நிறுவினாலும் கிடைக்காத பலனைத் தருகிறது. ஆன்லைன் விளையாட்டில் பணம் கட்டத் தொடங்கியவரைப் பற்றி நண்பர்கள் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பகுதி நேர வேலையைப் பொறுத்தவரை என் கருத்து சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வார இறுதியில் கேட்டரிங், கடை வேலை என்று போவதில் தவறில்லை. குடும்பச் சூழல் சிலருக்கு வேறு வழி வைப்பதில்லை. இரவு நேர டெலிவரி வேலையை மட்டும், முதல் இரண்டு பருவங்களிலாவது, ஏற்க வேண்டாம். மறுநாள் முதல் மணி வகுப்பும் தூக்கமும் ஒன்றாகப் போகும். அதில் வரும் பணத்தைவிட ஒரு பருவத்தை மறுபடி படிக்க ஆகும் செலவு அதிகம்.

ஏழாம் படி: கேட்பதற்கு ஆட்களைத் தேடிக்கொள்ளுதல்

கல்லூரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆலோசகர் உண்டு. சிறு குழுக்களுக்குத் தனி வழிகாட்டி ஆசிரியரும் உண்டு. அவர்களைப் பிரச்சினை வந்த பின் சந்திப்பதைவிட, இரண்டாம் வாரத்திலேயே ஒருமுறை போய், ‘சார், எங்கள் வீட்டில் நான்தான் முதலில் கல்லூரிக்கு வந்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவது பெரிய மாற்றத்தைத் தரும். அதன்பின் வருகை குறையும்போதோ தேர்வில் சறுக்கும்போதோ அவர் கண்ணில் அது படும். அதே மாவட்டத்திலிருந்து, முடிந்தால் அதே பள்ளியிலிருந்து வந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் பழக்கமும் தேவை. எந்தத் தாளுக்கு எந்தப் புத்தகம், யாருடைய கையெழுத்துக் குறிப்பு நம்பகமானது என்பதெல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். சீனியர் என்ற பெயரில் துன்புறுத்துவோரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ராகிங்கைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவது, மகனோ மகளோ தேர்வு நாட்களில் வீட்டுப் பொறுப்புகளிலிருந்து விலக்குப் பெற வேண்டும். வயல் வேலை, தங்கையைப் பள்ளியில் விடுவது, தாத்தாவின் மருத்துவமனைத் துணை என்று எல்லாம் அந்த மூன்று வாரத்தில் வந்து சேர்ந்துவிடக் கூடாது. இரண்டாவது, மகளுக்கு வரன் பேச்சைப் படிப்பின் நடுவில் எடுக்காதீர்கள். அந்தப் பேச்சு எழுந்த பருவத்திலேயே நன்றாகப் படிக்கும் பெண்களின் மதிப்பெண் சரிவதை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டாதீர்கள். தோல்வியை வீட்டில் சொல்லப் பயப்படும் மாணவர், முடிவை மறைக்கிறார்; மறைத்ததால் மறுமதிப்பீட்டுக்கான கடைசி நாளும் கடந்துபோகிறது. தூக்கமின்மை, சாப்பிடாமை, யாரோடும் பேசாமை என்று தொடர்ந்தால் அரசின் 14416 என்னும் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

எட்டாம் படி: அரியர் வந்துவிட்டால்

முடிவு வெளியான அன்றே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அகமதிப்பீடு எவ்வளவு, தாளில் எவ்வளவு எதிர்பார்த்தீர்கள், எதிர்பார்த்ததற்கும் வந்த முடிவுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம். எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள்; நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூட வாய்ப்பிருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். இரண்டுக்கும் கால வரம்பு குறுகியது. மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருந்து, மறுதேர்வுக்குப் படிக்காமல் இருந்துவிடக் கூடாது. நகலால் இன்னொரு பயனும் உண்டு: எந்த யூனிட்டில் மதிப்பெண் போயிற்று, எங்கே படம் வரையாமல் விட்டீர்கள் என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

பிறகு அடுத்த பருவத்தின் நேர அட்டவணையில் அந்தத் தாளுக்கு என்று வாரத்தில் இரண்டு இரவுகளைப் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே ஒதுக்குங்கள். கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், அந்த மாதத்தில் நடப்புப் பருவத்தின் தாள்களே முன்னுரிமை கேட்கும். ஒன்றுக்கு மேற்பட்ட நிலுவை இருந்தால், அகமதிப்பீடு அதிகமாக உள்ள தாளை முதலில் குறிவையுங்கள். குறைந்த உழைப்பில் அதில் தேறிவிடலாம். கணிதத் தாள் மட்டும் இதற்கு விலக்கு. மூன்றாம் பருவத்திலிருந்து மின்சுற்று, இயக்கவியல், சிக்னல் என்று எந்தத் துறையை எடுத்தாலும் கணிதத்தின் மேல்தான் பாடம் நடக்கும் என்பதால், அகமதிப்பீடு எவ்வளவு குறைவாக இருந்தாலும் கணிதத்தையே முதலில் முடிக்க வேண்டும்.